வலிக்கிற வேகத்தில் நடந்தவர்கள்: கால் தமனி அடைப்புக்குத் தொலைபேசி வழி நடைப்பயிற்சி

ஜெர்மனியில் இந்த நோய்க்கு ‘கடைச் சன்னல் நோய்’ என்று ஒரு பேச்சுவழக்குப் பெயர் உண்டு. நூறு நூற்றைம்பது மீட்டர் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நடுத்தெருவில் சும்மா நிற்கக் கூச்சமாக இருக்கும். பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் எதையோ பார்ப்பதுபோல் நிற்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வலி விடும். மறுபடி நடப்பார்கள், அடுத்த கடையில் மறுபடி நிற்பார்கள். நம் ஊரில் கண்ணாடிக்குப் பதில் டீக்கடை பெஞ்சு. வயசாகிவிட்டது, மூட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் அப்படியே காலத்தைத் தள்ளுகிறவர்கள் பலர்.

உண்மையில் இது மூட்டு வலியே அல்ல. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது தசைக்குத் தேவைப்படும் ரத்தம் கொஞ்சம்தான், அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நடக்கத் தொடங்கியதும் தேவை பல மடங்கு ஏறுகிறது. குறுகிய குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை, தசை ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. நின்றால் தேவை குறையும், வலி அடங்கும். கண்டுபிடிப்பதும் கடினமல்ல. கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுத்து, அதைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஒரு பட்டை, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவி, கால் மணி நேரம் போதும். 2015 நிலவரப்படி உலகம் முழுவதும் சுமார் 23.6 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

நடக்க முடியாமல் செய்யும் நோய்க்கு நடைதான் மருந்து என்பது கேட்க முரணாக இருக்கும். ஆனால் இது பழைய செய்தி. 1966-லேயே டென்மார்க்கில் லார்சன், லாசன் என்ற இருவர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, தினமும் நடந்தவர்களின் தூரம் கூடுவதைக் காட்டினார்கள். 2012-ல் வெளியான கிளெவர் என்ற அமெரிக்க ஆய்வு, இடுப்புக்குப் பக்கத்தில் அடைப்பு உள்ள 111 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து, டிரெட்மில்லில் அதிகபட்சமாக நடக்க முடிந்த நேரம், மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களுக்கு 5.8 நிமிடம் கூடியிருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிடம். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 1.2 நிமிடம். நடந்தவர்கள் குழாயைத் திறந்து விட்டவர்களையே முந்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பயிற்சிக்கூடத்துக்குப் போய் வருவதில். 2017 மே மாதம் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 12 வாரத்தில் 36 அமர்வுகள் வரை இந்தப் பயிற்சிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. மருத்துவமனையிலோ மருத்துவரின் அலுவலகத்திலோ, நேரடி மேற்பார்வையில் மட்டுமே நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பிந்தைய ஒன்றரை வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, தகுதியுள்ள நோயாளிகளில் சேர்ந்தவர்கள் 1.3 சதவீதம்தான். அவர்களிலும் 36 அமர்வுகளையும் முடித்தவர்கள் ஏறக்குறைய இருபதில் ஒருவர். காரணத்தை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நூறு மீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டிய எழுபது வயதுக்காரரிடம், வாரம் மூன்று நாள் வண்டி பிடித்து, வாகன நிறுத்தத்திலிருந்து நீண்ட தாழ்வாரம் கடந்து வந்து டிரெட்மில்லில் ஏறச் சொல்கிறோம். யாராவது கூட வர வேண்டும். மூன்று மாதம் தொடர வேண்டும். காசு யார் கொடுத்தாலும் கால் தன்னுடையதுதானே.

வீட்டிலேயே நடக்கவிட்டு, தொலைவிலிருந்து மேற்பார்த்தால் என்ன என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. இதை மிகப் பொறுமையாக, ஆய்வுக்கு மேல் ஆய்வாகத் துருவியவர் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் மேரி மெக்டெர்மட். இந்த எழுத்து அவர் குழுவின் மூன்று ஆய்வுகளைப் பற்றியது. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது, மூன்றாவது எந்த வேகத்தில் நடந்தால் பலிக்கும் என்று காட்டியது. என்னைக் கேட்டால், மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் ‘வீட்டுப் பயிற்சி பலிக்கும்’ என்றோ ‘பலிக்காது’ என்றோ சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

மூன்றிலும் அளவுகோல் ஒன்றே. முப்பது மீட்டர் நீளத் தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஓர் அடையாளம், ஆறு நிமிடம். முடிந்த அளவு தூரம் நடக்க வேண்டும், வலித்தால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. இதைத் தேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. டிரெட்மில்லில் பழகியவர் டிரெட்மில் பரீட்சையில் நன்றாகச் செய்வார், அதில் வியப்பில்லை. வீட்டிலிருந்து கோயிலுக்கும் கடைக்கும் போகிற நடையைப் பிரதிபலிப்பது தரையில் நடக்கும் இந்த ஆறு நிமிடம்தான். இந்தச் சோதனையில் 8 மீட்டர் கூடினால் சிறிய முன்னேற்றம், 20 மீட்டர் கூடினால் நோயாளியே உணரக்கூடிய பெரிய முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். எண்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது கோல்ஸ் ஆய்வு, 2013-ல் வெளிவந்தது. 194 பேர். பயிற்சிக் குழுவினர் வாரம் ஒருமுறை மையத்தில் கூடினார்கள். இலக்கு வைப்பது, சோர்வு வந்தால் என்ன செய்வது, குளிர்காலத்தில் எங்கே நடப்பது என்று தங்களுக்குள் பேசினார்கள். நடந்ததெல்லாம் பெரும்பாலும் அவரவர் வீட்டுப் பக்கத்தில். ஆறு மாதத்தில் அவர்களின் ஆறு நிமிட நடை 357.4 மீட்டரிலிருந்து 399.8 மீட்டராக ஏறியது. மற்ற குழு 353.3-லிருந்து 342.2-க்கு இறங்கியது. இடைவெளி 53.5 மீட்டர். இதே குழு 2009-ல் மேற்பார்வையோடு டிரெட்மில் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது கிடைத்த இடைவெளி 35.9 மீட்டர்தான். வீட்டு நடை மருத்துவமனை நடைக்குக் குறைந்ததல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் வாராவாரம் கூடுவதற்கும் போய்த்தானே ஆக வேண்டும்? அதையும் குறைக்கலாமா என்று பார்த்தது ஹானர் ஆய்வு. 200 பேர், ஒன்பது மாதம். பயிற்சிக் குழுவில் இருந்த 99 பேரும் முதல் மாதம் வாரம் ஒருமுறையாக நான்கு தடவை மட்டும் மையத்துக்கு வந்தார்கள். அப்புறம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஃபிட்பிட் கருவியும் தொலைபேசியில் பயிற்றுநரின் அழைப்பும். மற்ற 101 பேருக்கு வழக்கமான சிகிச்சை, வேறெதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இதைப் படித்த யாரும் வெற்றியைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். 2018-ல் முடிவு வந்தது. பயிற்சிக் குழு 5.5 மீட்டர் முன்னேறியிருந்தது. எதுவும் செய்யாத குழு 14.4 மீட்டர் முன்னேறியிருந்தது. புள்ளியியல்படி இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கருவி மாட்டி, போன் செய்து, ஒன்பது மாதம் பாடுபட்டதற்குக் கண்ட பலன் ஒன்றுமில்லை.

இந்த முடிவை மறைக்காமல் முன்னணி மருத்துவ இதழில் வெளியிட்டதற்காக அந்தக் குழுமேல் எனக்குத் தனி மரியாதை. ஏனென்றால் இதைப் படித்தவர்களுக்கு உடனே தோன்றக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு: ‘போனில் சொன்னால் யாரும் நடக்க மாட்டார்கள், நேரில் வரவழைத்தால்தான் ஆகும்.’ வாரக் கூட்டம் இருந்த கோல்ஸ் வென்றது, வாரக் கூட்டம் இல்லாத ஹானர் தோற்றது. ஆகவே வித்தியாசம் கூட்டம்தான். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. நல்லவேளையாக, 2015 ஜூனில் ஹானர் ஆள் சேர்க்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே, செப்டம்பரில், இன்னொரு ஆய்வும் தொடங்கியிருந்தது. ஹானரின் தோல்விக்கு விளக்கம் தேடிப் பிறகு வடிவமைத்ததல்ல அது. அதன் கேள்வியே வேறு.

அதன் பெயர் லைட். அமெரிக்காவில் நான்கு மையங்கள், 305 பேர், சராசரி வயது 69. ஏறக்குறையப் பாதி பெண்கள், பத்தில் ஆறு பேர் கறுப்பினத்தவர். இந்த நோய் அந்தச் சமூகத்தில் அதிகம் என்பதால் அந்த விகிதத்துக்கு முக்கியத்துவம் உண்டு. மூன்று குழுக்கள். முதல் இரண்டு குழுக்களும் வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 50 நிமிடம் வரை, தங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். ஆக்டிகிராஃப் என்ற அசைவு அளக்கும் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கருவி பதிவுசெய்த நேரமும் வேகமும் பயிற்றுநரின் கணினியில் தெரியும். பயிற்றுநர் வாரம் ஒருமுறை போன் செய்வார், பன்னிரண்டு மாதமும்.

இதுவரை இரண்டு குழுக்களுக்கும் எல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம். ஒரு குழுவிடம், காலில் வலி வராத வேகத்தில் நிதானமாக நடங்கள் என்றார்கள், 116 பேர். இன்னொரு குழுவிடம், கெண்டைக்கால் நன்றாக வலிக்கும் வேகத்தில் நடங்கள், மிதமானதிலிருந்து கடுமையான வலி வர வேண்டும் என்றார்கள், 124 பேர். மூன்றாவது குழுவில் 65 பேர். அவர்களுக்குப் பயிற்சி கிடையாது. ஆனால் அவர்களுக்கும் வாராவாரம் போன் வந்தது, பொதுவான உடல்நலத் தகவல்களைச் சொல்ல. இந்த மூன்றாவது குழுவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். போனில் ஒருவர் அக்கறையாக விசாரிப்பதே மனிதரை எழுந்து நடக்க வைக்கும் என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

பன்னிரண்டு மாதம் கழித்து மறுபடி தாழ்வாரத்துக்கு வந்தார்கள். வலிக்கிற வேகத்தில் நடந்தவர்கள் 338.1 மீட்டரிலிருந்து 371.2 மீட்டருக்குப் போயிருந்தார்கள். நிதானமாக நடந்தவர்கள் 332.1-லிருந்து 327.5-க்கு. போன் மட்டும் பெற்றவர்கள் 328.1-லிருந்து 317.5-க்கு. வலியோடு நடந்தவர்களுக்கும் பயிற்சியே செய்யாதவர்களுக்கும் இடையே வித்தியாசம் 49.6 மீட்டர். வலியோடு நடந்தவர்களுக்கும் நிதானமாக நடந்தவர்களுக்கும் இடையே 40.9 மீட்டர். நிதானமாக நடந்தவர்களுக்கும் எதுவும் செய்யாதவர்களுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசமே இல்லை. முடிவுகள் 2021 ஏப்ரலில் வெளியாயின.

அந்தக் கடைசி வரியை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். ஒரு வருடம், வாரம் ஐந்து நாள், ஐம்பது நிமிடம் வரை நடக்கும்படி சொல்லப்பட்ட ஒரு குழு. உடம்பில் கருவி, வாராவாரம் போன். அத்தனைக்கும் பிறகு, நடக்கவே சொல்லப்படாதவர்களோடு அவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றார்கள். நம் மருத்துவமனைகளில் ‘வலி வராம பாத்து மெதுவா நடங்க’ என்று எத்தனை கரிசனத்தோடு சொல்லி அனுப்புகிறோம்! கால் தமனி அடைப்பு உள்ளவருக்கு அந்தக் கரிசனம் உதவவில்லை. நடையும் நாளும் வீணாகின்றன. அதைவிட வருத்தம், ‘நான்தான் நடந்து பார்த்தேனே, ஒன்றும் ஆகவில்லை’ என்று அவர் பயிற்சியையே கைவிட்டுவிடுவார்.

சரி, வலியில் அப்படி என்ன இருக்கிறது? நடந்தால் அடைப்பைச் சுற்றிப் புதிய கிளைக் குழாய்கள் முளைத்து ரத்தம் பெருகும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் பயிற்சிக்குப் பின் கணுக்கால் அழுத்த விகிதத்தை அளந்து பார்த்தால் அது பெரிதாக மாறுவதில்லை. குழாய் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மாற்றம் பெருமளவு தசைக்குள்ளும், மெல்லிய ரத்தநாளங்களின் உட்சுவரிலும், நடக்கும் முறையிலும் நிகழ்வதாகத் தெரிகிறது. வருகிற கொஞ்ச ரத்தத்திலிருந்தே தசை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளப் பழகுகிறது. அதே தூரத்துக்குக் குறைந்த ஆக்சிஜனைச் செலவழிக்கப் பழகுகிறது. ஆக்சிஜன் தட்டுப்பாட்டை உணர்ந்தால்தான் தசைக்குப் பழக வேண்டிய அவசியம் வரும். வலி அந்தத் தட்டுப்பாட்டின் அடையாளம். வலி வராத நடையில் தசைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதே இல்லை.

மேற்பார்வைப் பயிற்சி மையங்களில் நடத்தும் முறையும் இதையே பின்பற்றுகிறது. வலி தொடங்கி, நன்றாக ஏறும் வரை நடக்க வேண்டும். பிறகு நின்றோ உட்கார்ந்தோ வலி முழுக்க அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். மறுபடி நடை. இப்படி ஓய்வோடு சேர்த்து முப்பது நிமிடத்தில் தொடங்கி, வாரங்கள் போகப் போகக் கூட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் நடப்பதல்ல இது. நிற்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போனால் தப்பு. நடக்கும்போது வந்து நின்றால் போகும் வலிக்கு மட்டுமே மேலே சொன்னது பொருந்தும். படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும் என்றாலோ, விரலில் புண் ஆறாமல் இருந்தாலோ, தோல் கறுத்தாலோ, நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அவர் பார்க்க வேண்டியது ரத்தநாள அறுவை மருத்துவரை. கால் திடீரென்று சில்லிட்டு வெளிறி மரத்துப்போனால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் அது. காலில் கொழுப்பு படிந்தவருக்கு இதயக் குழாயிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், பயிற்சி தொடங்கும் முன் இதயத்தைப் பரிசோதிப்பதும் கட்டாயம். நடக்கும்போது நெஞ்சில் வரும் வலி, காலில் வரும் வலியைப்போல் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி அல்ல.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. சென்னையில் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்குக் கால் தமனி அடைப்பு இருந்தது, சர்க்கரை இல்லாதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரையால் நரம்பு பாதித்த காலுக்கு உணர்வு குறைவு. கெண்டைக்கால் வலியே தெரியாமல் போகலாம், கல் குத்தியதும் தெரியாமல் போகலாம். ‘வலிக்கும் வரை நடங்கள்’ என்று அவரிடம் போனில் சொல்வது ஆபத்து. சர்க்கரைக்காரர்களில் சிலருக்குத் தமனியின் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால் கணுக்கால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவருக்கு முதலில் நேரில் ஒரு முழுப் பரிசோதனை, எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வீட்டில் ஒருவர். அதற்கு அப்புறம்தான் போன். பீடி, சிகரெட் பிடிப்பவர் அதை நிறுத்தாமல் நடையை மட்டும் கூட்டினால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லைட் ஆய்வில் பயிற்சிக் குழு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தீவிர பாதிப்புதான் பயிற்சியோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. வலியோடு நடந்த குழுவுக்கு நிதானமாக நடந்த குழுவைவிடக் கூடுதல் கேடு வந்துவிடவில்லை. ஆனால் அந்த 305 பேரும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. 250 பேர்தான் பன்னிரண்டாம் மாதப் பரிசோதனை வரை வந்தார்கள்.

போன் அழைப்பு எத்தனை வேண்டும் என்பதற்கும் இன்னும் ஒரே விடை இல்லை. இங்கிலாந்தில் 190 பேரோடு நடந்த மொசைக் ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் இரண்டு முறை நேரில் ஒரு மணி நேரம் பேசினார், பிறகு இரண்டு முறை போனில் இருபது நிமிடம், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் 16.7 மீட்டர் வித்தியாசம் கிடைத்தது. லைட் ஆய்வின் 49.6 மீட்டருக்கு முன் இது சிறிது. ஆனால் செலவும் சிறிது, காலமும் சிறிது. ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கும் இடத்தில் எதைத் தேர்வது என்று கேட்டால், தொடக்கத்தில் வாராவாரமும், நடை பிடிபட்ட பிறகு இடைவெளி விட்டும் பேசுவதையே நான் சொல்வேன். இது என் கருத்து மட்டுமே, அப்படி ஓர் ஏற்பாட்டை இந்த ஆய்வுகள் அளந்து பார்க்கவில்லை.

2024-ல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், மையத்தில் மேற்பார்வையோடு செய்யும் பயிற்சியையும், திட்டமிட்டு வீட்டருகே செய்யும் பயிற்சியையும் ஒரே உயர்ந்த பரிந்துரை நிலையில் வைத்தது. 2016-ல் வீட்டுப் பயிற்சி ஒரு படி கீழே இருந்தது. அறிவு மாறிவிட்டது. மெடிகேரின் 2017 முடிவோ மருத்துவமனைக்கும் மருத்துவரின் அலுவலகத்துக்கும் வெளியே நடக்கும் நடைக்கு இடம் கொடுக்காமல் எழுதப்பட்டது.

கருவி எதை வாங்குவது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஹானரிலும் கருவி இருந்தது, லைட் ஆய்வின் நிதானக் குழுவிலும் கருவி இருந்தது. காலடி எண்ணிக்கை பத்தாயிரம் என்று திரையில் காட்டலாம். அந்தப் பத்தாயிரத்தில் கெண்டைக்கால் எத்தனை தடவை பிடித்தது என்பதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். நம் ஊரில் அப்படி ஓர் அழைப்பு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

“ஐயா, இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீங்க?”

“அஞ்சு நாளும் நடந்தேம்மா. நாப்பது நிமிஷம், ஒரு இடத்துலகூட நிக்கல.”

“கால் வலிச்சுதா?”

“வலியே இல்லம்மா. நல்லா இருந்துச்சு.”

“அப்படின்னா நாளைக்குக் கொஞ்சம் வேகமா நடங்கய்யா. பிள்ளையார் கோயில் வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு தடவையாவது வலிச்சு நிக்கணும். நின்னு, வலி நல்லா விட்டதும் மறுபடி நடங்க. எங்கெங்க நின்னீங்கன்னு அடுத்த புதன்கிழமை எனக்குச் சொல்லணும்.”